தூக்கி எறிந்த பெட்டிக்குள் ஒரு குரல்!

உங்களில் எத்தனை பேர் தபால்தலை சேகரிக்கிறீர்கள்? சிலர் பழைய நாணயம் சேகரிப்பீர்கள். சிலர் தீப்பெட்டிப் படம், பஸ் டிக்கெட், கிளிஞ்சல் என்று எதையாவது டப்பாவில் போட்டு வைத்திருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், குரல்களைச் சேகரிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"பாடகர்களின் குரலா?" என்று கேட்பீர்கள். இல்லை. "தலைவர்களின் மேடைப் பேச்சா?" அதுவும் இல்லை. கட்டடத்தில் தீப்பிடித்தால் மக்களை எச்சரிப்பதற்காகப் பதிவு செய்து வைக்கப்பட்ட குரல்கள்! ஆமாம், தீ எச்சரிக்கைக் கருவிகளுக்குள் ஒளிந்திருக்கும் குரல்களைத் தேடித் தேடிப் பாதுகாக்கும் மனிதர்கள் அமெரிக்கா போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் உங்களைப் போன்ற பள்ளி மாணவர்களும் உண்டு.

"இதையெல்லாம் யாராவது சேர்த்து வைப்பார்களா?" என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. நீங்களும் கேளுங்கள்.

பேசும் எச்சரிக்கை

அமெரிக்காவில் ஒரு பெரிய நகரம். அங்கே 40 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. நீங்கள் 20ஆவது மாடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று கூரையில் பதித்த ஒலிபெருக்கியிலிருந்து 'ஊ...ஊப், ஊ...ஊப்' என்று ஓர் ஒலி எழுகிறது. எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒலி நின்றதும் ஒரு குரல் பேசுகிறது. அவசரமில்லாத, பதற்றமில்லாத, தெளிவான குரல்.

"கவனியுங்கள். கட்டடத்தில் தீ அபாயம் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. அருகில் உள்ள படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள். லிஃப்ட்டைப் பயன்படுத்த வேண்டாம்."

ஒவ்வொரு கருவியிலும் வார்த்தைகள் கொஞ்சம் மாறும். ஆனால், சாரம் இதுதான். மொத்தம் 15 அல்லது 20 வினாடிதான். அது முடிந்ததும் மறுபடியும் அதே குரல், அதே வார்த்தைகள். மக்கள் வெளியேறும் வரை சலிக்காமல் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யார்? பெரும்பாலான கருவிகளில் அவர் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. என்றோ ஒரு நாள், ஓர் ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் நின்று நாலு வாக்கியம் பேசிவிட்டு அவர் போய்விட்டார். அவர் வேலை அவ்வளவுதான். ஆனால், அந்த நாலு வாக்கியம் பல வருடங்கள் கட்டடத்துச் சுவருக்குள் காத்திருந்தது. கேட்கவே கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் குரல் அது!

மணி போதாதா?

"எதற்குப் பேச்சு? மணி அடித்தால் போதாதா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல கேள்வி. முதலில் மணிதான் இருந்தது.

1852ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். வில்லியம் சானிங் என்ற மருத்துவரும், மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் சேர்ந்து, தந்திக் கம்பி மூலம் இயங்கும் தீ எச்சரிக்கை அமைப்பை அங்கே நிறுவினார்கள். தெருவுக்குத் தெரு இரும்புப் பெட்டிகள். தீயைப் பார்த்தவர் பெட்டிக்குள் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பெட்டியின் எண் தந்திக் கம்பி வழியாக மைய அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கிருந்து நகரத்து மணிகளை ஒலிக்கச் செய்வார்கள். எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணினால், நகரத்தின் எந்தப் பகுதியில் தீ என்று தெரிந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

தீயணைப்பு வீரர்களுக்கு அது போதும். ஆனால், கட்டடத்துக்குள் இருப்பவருக்கு? மணி "ஆபத்து" என்று மட்டும்தான் சொல்லும். எங்கே ஆபத்து? எந்தப் பக்கம் ஓடுவது? லிஃப்ட்டில் போகலாமா? இதையெல்லாம் மணியால் சொல்ல முடியாது. இரண்டு மாடி வீட்டில் இது பெரிய குறையில்லை. வாசலைப் பார்த்து ஓடிவிடலாம். ஆனால், 50 மாடிக் கட்டடத்தில்?

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம்

குழந்தைகளே, அந்த அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். அதில் ஒரு வார்த்தைகூட வீணாக இல்லை.

முதலில், "லிஃப்ட்டைப் பயன்படுத்த வேண்டாம்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். 1970 ஆகஸ்ட் 5. நியூயார்க் நகரில் 'ஒன் நியூயார்க் பிளாசா' என்ற 50 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீ பற்றியது 33ஆவது மாடியில். அந்த நேரத்தில் லிஃப்ட்டில் சென்ற பாதுகாவலர்களை, அது தீ எரிந்துகொண்டிருந்த மாடிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். லிஃப்ட் என்பது நாம் சொல்வதைக் கேட்கும் இயந்திரம்தான். ஆனால், வெப்பமும் மின்கோளாறும் சேர்ந்தால் அது யார் சொல்வதைக் கேட்கும்? இந்த விபத்துக்குப் பிறகு, 1973இல் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் இயற்றியது. உயரமான அலுவலகக் கட்டடங்களில் மக்களோடு பேசும் ஒலிபெருக்கி வசதியும், தீப் பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்று அது சொன்னது.

அடுத்து, "படிக்கட்டு வழியாக". ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்வார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் படிக்கட்டுக்கு ஓடினால் என்ன ஆகும்? பள்ளி விடும் நேரத்தில் வாசல் கதவில் ஏற்படுமே, அந்த நெரிசல்தான்! அதனால் பல கட்டடங்களில், தீ இருக்கும் மாடிக்கும் அதற்கு மேலும் கீழும் உள்ள மாடிகளுக்கும் முதலில் அறிவிப்பு வரும். மற்ற மாடிகளில் உள்ளவர்களுக்கு, "அங்கேயே காத்திருங்கள், அடுத்த அறிவிப்பைக் கேளுங்கள்" என்று வேறு பதிவு ஒலிக்கும். இதை மணியால் செய்ய முடியுமா? ஒரு குரலால்தான் முடியும்.

கடைசியாக, "தீ அபாயம் இருப்பதாகத் தகவல்" என்ற வரி. மக்களிடம் உண்மையைச் சொன்னால் பயந்து ஓடி விழுந்துவிடுவார்களே என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கிலேன் பிரூ, ஜொனாதன் சைம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். பயணிகளை வெளியேற்ற ஐந்து விதமாக முயன்று பார்த்தார்கள். வெறும் மணி மட்டும் அடித்தபோது பலர் அசையவே இல்லை! "ஏதோ மணி அடிக்கிறது" என்று நின்றுகொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரு குரல் தெளிவாகச் சொன்னபோதுதான் விரைவாக வெளியேறினார்கள். உண்மை மக்களைப் பயமுறுத்தவில்லை, வழி காட்டியது.

பார்த்தீர்களா? 15 வினாடிப் பேச்சுக்குப் பின்னால் எத்தனை பாடம்! சில பாடங்களுக்கு மனிதர்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

குரல் எங்கே ஒளிந்திருக்கும்?

சரி, அந்தக் குரலை எதில் வைத்திருந்தார்கள்? இது இன்னும் சுவாரசியமான கதை.

ஆரம்பத்தில் ஒலிநாடாவில் வைத்திருந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிய நாடா இருக்கும். எச்சரிக்கைக் கருவிக்கு ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். நாடாவின் நுனியையும் அடியையும் ஒட்டி வளையமாக்கிவிட்டார்கள். வளையத்துக்கு முடிவேது? குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

பிறகு கணினியில் இருப்பது போன்ற சிப் வந்தது. சிப்பில் குரலை எப்படி எழுதுவது? ஒலி என்பது அலை. அந்த அலையின் உயரத்தை ஒரு வினாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவிட வேண்டும். எண்களைத் திரும்பப் படித்தால் குரல் வந்துவிடும். தொலைபேசியில் பேசுவது போன்ற தரத்துக்கு இது போதும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? ஓர் எண்ணுக்கு 1 பைட் இடம் வேண்டும். வினாடிக்கு 8000 எண் என்றால் 8000 பைட். 1980களில் பரவலாக இருந்த ஒரு வகைச் சிப்பில் 32 கிலோபைட்தான் கொள்ளும். அதாவது சுமார் 32,000 பைட். அதை 8000ஆல் வகுத்தால்? வெறும் 4 வினாடி!

"கவனியுங்கள். கட்டடத்தில்..." என்று சொல்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். அதனால் பொறியாளர்கள் பல சிப்களை வரிசையாக வைத்தார்கள். சிக்கனமாக எழுதும் தந்திரங்களையும் கண்டுபிடித்தார்கள். முழு அளவையும் எழுதாமல், முந்தைய அளவைவிடக் கூடியதா குறைந்ததா என்று மட்டும் எழுதுவது அப்படி ஒரு தந்திரம். அதனால்தான் அந்தக் காலத்துப் பேசும் கருவிகளின் குரல், டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் கரகரவென்று இருக்கும். இன்று நம் கைபேசியில் 1 ஜிபி இடம் இருந்தால், அதே தரத்தில் 34 மணி நேரத்துக்கும் மேல் குரலை வைக்கலாம். 4 வினாடி எங்கே, 34 மணி நேரம் எங்கே!

இந்தச் சிப்களில் ஒரு வகைக்கு 'ஈப்ராம்' என்று பெயர். அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புறஊதாக் கதிர் அந்த ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தால், எழுதியது எல்லாம் அழிந்துவிடும். வேண்டுமென்றே அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. தெரியாமல் அழிந்துவிடக் கூடாதே என்று ஜன்னல் மீது ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைப்பார்கள். விவரம் தெரியாத ஒருவர் அந்தக் காகிதத்தை உரித்து, சிப்பை வெயிலில் போட்டு வைத்தால், நாளடைவில் குரல் காணாமல் போய்விடும்!

குரல் எப்படித் தொலைகிறது?

கட்டடத்துக்கு வயதாகும். கருவிக்கும் வயதாகும். விதிகளும் மாறும். உதாரணமாக, அமெரிக்காவில் 1996 ஜூலைக்குப் பிறகு புதிதாகப் பொருத்தும் கருவிகளில் எச்சரிக்கை ஒலி ஒரே மாதிரியான தாளத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மூன்று ஒலி, பிறகு சிறு இடைவெளி. மறுபடி மூன்று ஒலி. ஒவ்வோர் ஒலியும் அரை வினாடி. மூன்றாவது ஒலிக்குப் பின் ஒன்றரை வினாடி மௌனம். எங்கே, கையைத் தட்டிப் பாருங்கள்... 'டப், டப், டப்... டப், டப், டப்...' பிடித்துவிட்டீர்களா? எந்த ஊரிலும் எந்தக் கட்டடத்திலும் இந்தத் தாளம் கேட்டால் 'வெளியேறு' என்று பொருள். மொழி தெரியாதவருக்கும் புரியும். நல்ல மாற்றம்தான்.

இப்படி நல்லது வரும்போது பழையது விடைபெறத்தானே வேண்டும்? உயிரைக் காக்கும் கருவி புதியதாகவும் நம்பகமாகவும் இருக்க வேண்டும். அதில் தவறே இல்லை. ஆனால், பழைய பெட்டியைக் கழற்றியவர்கள் அதை நேராகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விடும். இரும்புக்கும் செம்புக்கும் விலை உண்டு. உள்ளே இருக்கும் குரலுக்கு விலை போடுபவர் யார்?

தபால்தலை தொலைந்தால் அதே தபால்தலை வேறு எங்காவது இருக்கும். ஆனால், ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்கென்றே பேசிப் பதிவு செய்த நாடா உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கலாம். அதுவும் சும்மா இருக்கவில்லை. நாடாவில் காந்தத் துகளை ஒட்டியிருக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. சிப்பில் எழுதிய மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. காத்திருந்தால் குரல் தானாகவே மங்கிவிடும்.

தேடிப் பிடிக்கும் நண்பர்கள்

இங்கேதான் நம் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். இவர்கள் இடிக்கப்போகும் கட்டடங்களின் உரிமையாளர்களிடமும், கருவி பழுதுபார்ப்பவர்களிடமும் கேட்டு வாங்குகிறார்கள். பழைய பொருள் சந்தையிலும் இணைய ஏலத்திலும் தேடுகிறார்கள். கிடைத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தூசி தட்டி, சுத்தம் செய்கிறார்கள்.

அதன் பிறகுதான் பொறுமைக்கு வேலை. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும். ஆனால், பேசும் ஒலிபெருக்கிகளுக்குப் போகும் கம்பியில் 25 அல்லது 70 வோல்ட் அளவில் ஒலி செல்லும். வீட்டு ரேடியோ ஸ்பீக்கரை அப்படியே மாட்டினால் புகைந்துவிடும்! அதற்கென்று சரியான மாற்றிகளைப் பொருத்த வேண்டும். அந்தக் கருவியோடு வந்த பழைய கையேட்டைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். சிப்பாக இருந்தால், சிப் படிக்கும் கருவியில் வைத்து உள்ளே இருப்பதை அப்படியே கணினியில் நகல் எடுத்துக்கொள்வார்கள். நாடாவாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிசுபிசுத்த நாடாவை அவசரப்பட்டு ஓடவிட்டால், முதல் முறை ஓடுவதே கடைசி முறையாகிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தால்... கரகர சத்தம். ஒரு நொடி மௌனம். பிறகு, பல வருடம் வாயைத் திறக்காத அந்தக் குரல் பேசத் தொடங்கும். "கவனியுங்கள்..."

நினைத்துப் பாருங்கள், உடம்பு சிலிர்க்காதா?

குரலைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. அக்கறையுள்ள சேகரிப்பாளர் கூடவே குறிப்பும் எழுதுவார். எந்த வகைக் கருவி? எந்த ஆண்டு செய்தது? எந்த மாதிரிக் கட்டடத்தில் இருந்தது? ஆண் குரலா, பெண் குரலா? வேறு ஏதாவது கருவியில் இதே குரல் வந்திருக்கிறதா? குறிப்பு இல்லாத பதிவு, பெயர் எழுதாத விடைத்தாள் மாதிரி. உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் யாருடையது என்று தெரியாது!

இவர்களில் சிலர் பள்ளிக்கூட நாட்களில் விளையாட்டாகத் தொடங்கி, மின்னணுவியல் கற்று, பின்னாளில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்துவதையே தொழிலாக ஏற்றிருக்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். நல்ல சேகரிப்பாளர் யாரும் பயன்பாட்டில் உள்ள கருவியைத் தொட மாட்டார். குரலைக் கேட்கும் ஆசையில் பள்ளியிலோ கடையிலோ எச்சரிக்கைப் பொத்தானை அழுத்த மாட்டார். பொய்யாக ஒரு முறை ஒலித்தால், மெய்யாக ஒலிக்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள். 'புலி வருது' கதை உங்களுக்குத் தெரியும்தானே? தவிர, தீயணைப்பு வண்டி உங்களைத் தேடி வரும் அதே நேரத்தில், வேறு தெருவில் நிஜமாகவே ஒரு வீடு எரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே, சேகரிப்பு எல்லாம் ஓய்வு பெற்ற கருவிகளோடு மட்டும்தான். என்னைப் போல!

மனைவி தேடிய குரல்

தீ எச்சரிக்கை மட்டுமல்ல, வேறு சில அறிவிப்புக் குரல்களுக்கும் இப்படிப் பாதுகாவலர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

1936இல் இங்கிலாந்தில் தொலைபேசியில் நேரம் சொல்லும் 'பேசும் கடிகாரம்' வந்தது. அதற்குக் குரல் கொடுக்கத் தொலைபேசி நிலையப் பெண்களுக்கு இடையே போட்டியே நடந்தது. வென்றவர் எதெல் கெயின். அவர் குரலைக் கண்ணாடித் தட்டுகளில் பதித்தார்கள். பேசும் கடிகார இயந்திரங்கள் இப்போது அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இன்னொரு கதை லண்டனில் நடந்தது. நிலத்தடி ரயிலில் ஏறும்போது, நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி ஒரு குரல் எச்சரிக்கும். அப்படிக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர். அவர் 2007இல் காலமானார். அவருடைய மனைவி ஒரு மருத்துவர். கணவரின் நினைவு வரும்போதெல்லாம் எம்பேங்க்மென்ட் என்ற நிலையத்துக்குப் போவார். நடைமேடையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்பார். சில சமயம் ரயிலில் ஏறாமல் அடுத்த ரயில் வரும் வரை காத்திருந்து, இன்னொரு முறை கேட்பார்.

2012இன் இறுதியில் ஒரு நாள் போனபோது வேறு குரல் ஒலித்தது. புதிய கருவி வைத்துவிட்டார்கள். அவர் ரயில் நிர்வாகத்திடம் போய் விவரத்தைச் சொன்னார். அங்கிருந்தவர்கள் பழைய பதிவைத் தேடி எடுத்து, அவருக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. 2013இல் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் அதே குரலை மறுபடியும் ஒலிக்கச் செய்தார்கள்!

பழைய பதிவை யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தானே இது நடந்தது?

நீங்களும் தொடங்கலாம்

"எங்களுக்குப் பழைய எச்சரிக்கைக் கருவி எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறீர்களா? அது வேண்டாம். உங்களைச் சுற்றிலும் ஓசைகளுக்குக் குறைவா என்ன?

அப்பா அல்லது அம்மாவின் கைபேசியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் வரும் கீரைக்காரம்மாவின் கூவல், சாணை பிடிப்பவரின் சக்கரச் சத்தம், ஐஸ்காரரின் மணி, பாட்டி வீட்டு ஆட்டுக்கல், ஊஞ்சல் சங்கிலியின் கிறீச் ஒலி... இப்படி எதையாவது பதிவு செய்யுங்கள். மனிதர்களின் குரல் என்றால் அவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். கூடவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன ஓசை? எந்த ஊர், எந்தத் தெரு? என்ன தேதி? யார் எழுப்பியது? அவர் பெயர் என்ன? பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அப்படியே இதையும் நினைவில் வையுங்கள். பள்ளியிலோ கடையிலோ எச்சரிக்கை ஒலி கேட்டால் பையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பெரியவர்கள் சொல்லும் வழியில், படிக்கட்டில் வரிசையாக இறங்கி வெளியே வந்துவிடுங்கள். லிஃப்ட் கூடாது. வெளியே வந்த பிறகு திரும்ப உள்ளே போகக் கூடாது. தீயணைப்புத் துறையை அழைக்க 101 அல்லது 112. பாருங்கள், அந்தப் பெயர் தெரியாத குரல் சொன்னதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

முடிக்கும் முன் என் கதை ஒன்று. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் மின்சார மணி கிடையாது. வேப்ப மரத்துக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். வயதான ஊழியர் ஒருவர் இரும்புக் கம்பியால் அதைத் தட்டுவார். காலையில் நிதானமாகத் தட்டுவார். சாப்பாட்டு மணியைச் சுருக்கமாக முடித்துவிடுவார். மாலையில் பள்ளி விடும்போது மட்டும் 'டண டண டண' என்று ஓர் உற்சாகம் இருக்கும். பிள்ளைகள் அவரை 'மணி ஐயா' என்றே கூப்பிடுவார்கள். பிறகு மின்சார மணி வந்தது. தண்டவாளத் துண்டை யாரோ கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

பள்ளி ஆண்டு விழாப் புகைப்படத்தில் அவர் ஓர் ஓரமாக நிற்கிறார். அவர் முகம் என்னிடம் இருக்கிறது. ஆனால், அந்த ஓசை என்னிடம் இல்லை. அப்போது என்னிடம் ஒரு டேப் ரிக்கார்டர்கூட இருந்தது. பாட்டுக் கேட்கத்தான் பயன்படுத்தினேன். தினமும் கேட்கிற சத்தம்தானே, நாளைக்கும் கேட்கும் என்று இருந்துவிட்டேன்.

குழந்தைகளே, உங்கள் கையில் இருக்கும் கருவி என்னுடையதைவிட நல்லது. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், தினமும் கேட்கிற ஓர் ஓசையைத் தேர்ந்தெடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். என்ன, தயாரா?